நாலு மூட்டை அப்பளமும் ஒரு சிவப்பு விளக்கும்

அப்பளத்துக்குக் கனம் கிடையாது.
நாலு மூட்டையையும் சேர்த்து நிறுத்தால்
என் மூத்தவளின் எடைகூட வராது.
ஆனால் இடத்தை அடைக்கும்.
கேரியர் மேல் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று
ஜெய்ஹிந்துபுரத்தில் கட்டிக் கிளம்பிவிட்டால்
பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குச்
சைக்கிளும் இல்லை, நானும் இல்லை.
இருட்டில், இருட்டைவிடக் கொஞ்சம் கெட்டியாக
ஏதோ ஒன்று நகர்கிறது,
அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு விடிகாலை, திருநகர் தாண்டி
என் முழங்கையை உரசாமல் உரசிப் போனது ஒரு மினி பஸ்.
நிறுத்தி இறங்கித் திட்டினான் கிளீனர்.
கிட்டே வந்ததும் குரல் இறங்கிவிட்டது.
"ஆளு இருக்குன்னே தெரியலக்கா."
நான் மூட்டையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன்.
நொறுங்கியிருந்தால் அது என் கணக்கு.

அன்று சாயங்காலமே நூற்றிருபது ரூபாய்க்கு
ஒரு சிவப்பு விளக்கு.
பேட்டரி இரண்டு, ரப்பர் பட்டை ஒன்று.
அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பையன்
மட்கார்டு இல்லாத சைக்கிளில் மலை ஏறிக்கொண்டிருந்தான்.
அவனிடம் ஒரு மஞ்சப்பை கூட இல்லை.

சீட்டுக்குக் கீழே மாட்டச் சொன்னது படம்.
மாட்டினேன்.
மூட்டைக்கும் எனக்கும் நடுவில்
சாக்கின் ஒரு பக்கத்தை மட்டும் சிவக்கவைத்து
அடுப்பு மாதிரி எரிந்தது, யாருக்கோ சமைக்கிற மாதிரி.
மட்கார்டில் வைத்தால் சாக்கின் அடிவயிறு மூடுகிறது.
மூட்டைமேலேயே கட்டலாம் என்றால்
கயிற்றை இறுக்கினால் அப்பளம் உடையும்,
இளக்கினால் விளக்கு வானத்தைப் பார்க்கும்.
அப்படியும் ஒருநாள் கட்டிப் போய்ப்
பழங்காநத்தம் கடையில் முதல் மூட்டையை இறக்கினேன்.
விளக்கும் கூடவே இறங்கிவிட்டது.
மத்தியானம் கடைக்காரர் போன் போட்டார்:
"ஏம்மா, ஒன் சாக்கு என்னையப் பாத்துக் கண்ணடிக்குது."

சைக்கிள் கடை மன்சூர் பாய்
வண்டியை ஒரு பார்வை பார்த்துத் திருப்பி அனுப்பினார்.
"மூட்டையோட வாங்க.
வெறும் வண்டியக் காட்டுனா என்னத்த அளக்க?"

மறுநாள் மூட்டையோடு நின்றேன்.
எதிர்மாடியில் சீந்துவாரின்றிக் கிடந்த
டிவி ஆண்டெனாவில் ஒரு குழாயை அறுத்து
கேரியருக்கு அடியில் கிளாம்ப் போட்டு முடுக்கி
சாக்கைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டி
நுனியை மேல்நோக்கி வளைத்து
அதில் விளக்கு.
"கார்க்காரன் கண்ணு ஒசரம் போதும்.
லாரிக்காரன் தூரத்துலயே பாத்துருவான்."
கூலி கேட்டேன். இரண்டு கட்டு அப்பளம் என்றார்,
மிளகு போட்டது.

தெருப் பையன்கள் அதை வால் என்றார்கள்.
சரி, வால்தான்.

ஓட்டும்போது எனக்கு அது தெரியாது.
எரிகிறதா, அணைந்துபோனதா என்று
இறங்கித்தான் பார்க்கவேண்டும்.
இறங்கினால் வண்டி சாயும்.
எரிகிறது என்று வைத்துக்கொண்டு மிதிப்பேன்.

பங்குனியில் ஒருநாள்
கூத்தியார்குண்டு விலக்கு டீக்கடையில்
பால் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர்
(பேர் தவசி என்று பிறகு தெரிந்தது)
கிளாஸை ஊதிக்கொண்டே கேட்டார்:
"அந்த ஆடுற லைட்டு நீங்கதானா?"

ஆடுகிறதா?

"எடது மிதிக்கு எடது, வலது மிதிக்கு வலது.
தனக்கன்குளம் வரைக்கும் சின்னதா ஆடும்.
கப்பலூர் ஏத்தத்துல பெருசா ஆடும்.
போன வெள்ளிக்கெழம மட்டும்
மொதல்ல இருந்தே பெருசா ஆடுச்சு.
மேலுக்கு முடியலையோன்னு
பின்னாலயே மெதுவா வந்தேன்."

போன வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல்.
வீட்டில்கூடச் சொல்லவில்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல்
டீக்குக் காசு கொடுத்தேன், எனக்கு மட்டும்.
அவருக்கும் கொடுத்திருக்கலாம்
என்று தோன்றியபோது வண்டி ஏறியிருந்தேன்.

கப்பலூர் ஏற்றத்தில்
ஆடாமல் மிதித்துப் பார்த்தேன்.
பத்து மிதி தாங்கவில்லை.
பின்னால் ஏதோ வண்டியின் வெளிச்சம்
என் நிழலையும் மூட்டைகளின் நிழலையும் ஒன்றாக்கி
ரோட்டில் நீளமாகப் போட்டது.
ஹாரன் அடிக்கவில்லை. முந்தவுமில்லை.

ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.