கிலுக்கு

செவ்வாய் இரவு, டூசான்.
முட்டையை வாணலியில் ஊற்றிவிட்டு
நின்றபடியே பார்க்கிறேன்.

டால்ட்டன் கிரெப்ஸ் பாறையோரம் மண்டியிடுகிறான்.
குரல் பாதியாகிறது.
"அசையாதீங்க. அவ நம்மளப் பார்த்துட்டா."

என் ஏட்டில் அது 'அது'தான்.
பதினேழாம் எண், வைரமுதுகு விரியன், பெண்.
கிலுக்கின் அடிவளையத்தில் நான் பூசிய மஞ்சள் சாயம்
கேமராவில் விழாதபடி
ஒரு கள்ளிக்கட்டையைச் சாய்த்து வைத்தோம்.
அது யாரையும் பார்க்கவில்லை.
அன்று காலை பத்து மணிவரை
பியர் வைக்கும் நீலப் பெட்டிக்குள்
பனிக்கட்டிமேல், தலையணை உறையில் கிடந்தது.
பெட்டி என்னுடையது.
மூன்று நாளைக்கு ஆயிரத்து இருநூறு டாலர்.
ஜீப்புக்கு கியர் பெட்டி மாற்றினேன்.

குளிர்ந்த பாம்பு படத்துக்குத் தோது.
சுருட்டி வைத்த இடத்தில் சுருண்டிருக்கும்.
கோபம் வந்துசேர இருபது நிமிடமாவது ஆகும்,
அதற்குள் அவன் மூன்று முறை கண்டுபிடித்துவிட்டான்.

இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவே
தனியாக வந்து கேட்டான்
(இடது கட்டைவிரலில் பாதி இல்லாதவன், பயம் தெரிந்தவன்):
"இந்தக் குளிர் அதுக்கு வலிக்குமா, டெல்ஃபினா?"
அந்த ஒரு தடவை 'அது' என்றான்.
வலிக்காது என்றேன்.
இருபத்தோரு வருடமாகப் பாம்புகளை அளக்கிறேன்,
நீளம், எடை, கழிவு, வழித்தடம்.
இதை அளந்ததில்லை.

திரையில் இப்போது கிலுகிலுப்பு.
வால் அசையவே இல்லை,
காய்ந்த மெஸ்கீட் நெற்றுகளைக்
கோணியில் கட்டி உலுக்கியதுபோல்
சத்தம் அறையை நிரப்புகிறது.
ஒட்டவைத்த சத்தம். சரி, அதுவும் வழக்கம்தான்
என்று அடுப்புப் பக்கம் திரும்பியவள்
நின்றுவிட்டேன்.

நான்காம் நொடியில் ஒரு திணறல்.
தூரத்தில் எங்கோ கதவு சாத்துகிறது.
இந்தக் கதவை எனக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தின் நிலவறை, என் முனைவர் பட்டம்,
வில்காக்ஸ் சாலையில் பிடித்த ஓர் ஆண் விரியன்.
துடைப்பக்கட்டையால் முப்பத்திரண்டு முறை குத்தினேன்.
கட்டுரையில் அதற்குப் பெயர் 'தூண்டல்'.
மேல்மாடியில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு
வீட்டுக்குப் போனார்கள்.
ஆறாம் வாரம் அது தின்பதை நிறுத்தியது.
ஒலிப்பதிவைப் பல்கலைக்கழகச் சேமிப்புக்குக் கொடுத்தேன்,
யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு.
எடுத்திருக்கிறார்கள்.
செத்துப் பதினெட்டு வருடமான பாம்பு
என் சமையலறையில் இன்னும்
துடைப்பக்கட்டைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

போன். லோவல் ஸ்டாம்பாஹ்.
"பார்த்தாயா அந்த அயோக்கியனை?"
கேட்டேன், என்றேன்.
நாளைக்குக் கண்டனக் கடிதமாம். பதினோரு நிபுணர்கள்,
பன்னிரண்டாவது நான்.

பாம்பின் கால் பாம்பறியும்.
லோவலின் கையேட்டில் நூற்று நாற்பது பாம்புகள்,
பாதிக்குமேல் ஒரே பாசிக்கல்லில் இருக்கின்றன.
தொப்பியால் மூடுவான்,
உள்ளே அது அடங்கிச் சுருண்டதும்
தொப்பியை எடுக்கச் சொல்லிப் படம்பிடிப்பான்.
பல பக்கங்களில் அந்தத் தொப்பியைத் தூக்கியது என் கை.
யோசித்துச் சொல்கிறேன், என்றேன்.

களக்குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ஏப்ரல்.
பதினேழு விடுவிக்கப்பட்டது, மாலை நான்கு மணி.
அடுத்த ஒன்பது நாள் தன் பாறைக்குத் திரும்பவில்லை.
கிழக்கே, அதற்குமுன் போயிராத வறண்ட ஓடையோரம்,
பருந்து பறக்கும் வெட்டவெளியில்
கிடந்திருக்கிறாள்.
எதிரே, காரணம் என்ற கட்டத்தில்:
தெரியவில்லை.
என் கையெழுத்துதான். பென்சில்.

பேனாவைத் தேடினேன்.
முட்டை கருகிய வாசம் அப்போதுதான் எட்டியது.
டி.வி.யில் சுறா வந்துவிட்டது.