பெருக்கல் குறி

மார்ச் மாதம், இரண்டாம் சனிக்கிழமை.
ஓபர்ஹுண்டம் தேவாலயத்துக்குப் பின்னால்
காரை விட்டு இறங்குகிறோம், கெர்லிண்டும் நானும்.
முதுகுப்பையில் வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பா,
சாம்பல் பெயின்ட் இரண்டு, கம்பித் தூரிகை, கைவாள்,
ரொட்டிக்குள் நான் மடித்த கத்தரிக்காய்ப் பொரியல்
(கெர்லிண்டின் பாதியில் மிளகாய் இல்லை).

எங்கள் பங்கு பதினொரு கிலோமீட்டர்.
மீதி இருநூற்றுச் சொச்சத்தை
யார் யாரோ பார்க்கிறார்கள்.
ஆட்களைக் கண்டதில்லை, கையெழுத்து தெரியும்:
வடக்கே ஒருவர் குறியின் கால்களை அகட்டிப் போடுவார்;
தெற்கே ஒருவருக்கு எப்போதும் வழிந்துவிடும்.

சின்ன வயதில் இந்தக் குறி
என் கணக்குத் தாளில் சிவப்பாய் விழும்.
இங்கே வெள்ளையாய், மரத்தில்,
சரி, இப்படியே போ என்று பொருள்.
பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

சங்கத்தின் கையேட்டில் இருபத்திரண்டு விதிகள்.
இருபத்து மூன்றாவது எழுதப்படாதது:
நடப்பவருக்குச் சந்தேகம் வரும் இடத்துக்குப்
பத்தடி முன்னால் குறி இருக்க வேண்டும்.
அதனால் பாதை இரண்டாகும் இடத்தில் நின்று
வேண்டுமென்றே எல்லாவற்றையும் மறப்பேன்.
கண் முதலில் எங்கே ஓடுகிறதோ
அங்கே தூரிகை.
குழம்புவதில் எனக்கு அனுபவம் உண்டு.

மூன்று கோடைகள் மழையில்லை.
பட்டைக்குள் வண்டு புகுந்தது.
ஊசியிலை மரங்கள் நின்றபடியே சிவந்து
நின்றபடியே செத்தன.
பிறகு இயந்திரம். மரத்துக்கு நாற்பது விநாடி.
எங்கள் குறிகள் அறுபத்திரண்டும் போயின.
இப்போது மலை மொட்டை;
எல்லாப் பக்கமும் தெரிகிறது,
எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

சாலையோரம் அடுக்கிய கட்டைகளில்
ஒன்றின் மேல் நாங்கள் போட்ட குறி.
தலைகீழாய்க் கிடந்தும் அதே குறி.
இது கப்பலேறிச் சீனா போகும் என்றாள் கெர்லிண்ட்.
அப்படியென்றால் பாதை நீண்டுவிட்டது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

வெட்டிய காட்டைச் சுற்றிப் போக
ஒரே வழி ஹென்னக்கேயின் மேய்ச்சல் வேலியோரம்.
மூன்று கடிதம், ஒரு போத்தல் வைன்
(அவர் வைன் குடிப்பதில்லை).
பசு மிரண்டால் யார் பொறுப்பு?
நாயை அவிழ்த்து விட்டால்?
காப்புறுதித் தாளை அடுப்படி மேசையில் விரித்தோம்.
கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி வாசித்தார்.
கம்பத்தில் ஆணி கூடாது.
பெயின்ட்?
நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
பெயின்ட் பரவாயில்லை.

புதிய வழி எழுநூற்று நாற்பது மீட்டர் கூடுதல்.
விடியலிலேயே வேலிக் கம்பங்களை முடித்துவிட்டு
பழையதை அழிக்க வந்தோம்.
வெட்டுக்குத் தப்பிய ஒற்றை பீச் மரம்,
அதில் நான் போட்ட முதல் குறி.
கொஞ்சம் கோணல்.
சாம்பல் பெயின்டில் ஒரு கை மறைந்தது.
மறு கை மிச்சமிருக்கும்போது
ஒரு பெண் வந்தாள், காஸலிலிருந்து,
முழுப் பாதையையும் தனியாக நடக்கிறவள்.
மடிப்புக் கிழிந்த வரைபடத்தைக் காட்டினாள்:
இதில் நேரே போகிறதே?
போனது, இப்போது வலப்பக்கம் என்றேன்.
என் தூரிகையைப் பார்த்தாள்,
பாதி அழிந்த மரத்தைப் பார்த்தாள்,
நேரே போனாள்.

அடிமரங்களுக்கும் முட்செடிகளுக்கும் நடுவே
அவள் நீலத் தொப்பி எழுந்து, அமிழ்ந்து, எழுந்து.
கூப்பிடவா என்றேன்.
வேண்டாம், கத்தரிக்காயை எடு என்றாள் கெர்லிண்ட்.

ஒன்றே கால் மணி கழித்து
வேலிப் படலையடியில் அவளைக் கண்டோம்,
முழங்கால் வரை சேறு.
எதுவும் சொல்லவில்லை.
கம்பத்துக் குறியை விரலால் தொட்டாள்,
குளிரில் இன்னும் காயவில்லை.
அதே விரலால் தாழைத் தூக்கி,
ஒழுங்காகத் திரும்பச் சாத்தி,
வலப்பக்கம் நடந்தாள்.

தாழின் மேல் ஒரு வெள்ளை ரேகை.
துடைக்கத் துணியை எடுத்தேன்,
பிறகு பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.
ஹென்னக்கே கேட்டால்
ஆணி அடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.