பெயரில்லாத பத்து கிராம்

லிஃப்ட் வடத்தில் எட்டுப் புரி.
புரிக்குப் பத்தொன்பது கம்பி.
அப்படி நாலு வடம் சேர்ந்து
ஆறு பேரையும் ஒரு குளிர்பதனப் பெட்டியையும் தூக்கும்.
நிறுத்திவைத்த வடத்தைத் தடவியே
எந்தக் கம்பி அறுந்தது என்று சொல்லிவிடுவேன்.
பதினேழு வருஷமாக இதுதான் பிழைப்பு.

பத்து கிராம் மெரினோ
என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஜனவரி. லஸ்னமாயே, ஏழாவது மாடி.
மூன்றரை மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது.
தார்த்துவிலிருந்து வந்த உறைக்குள் ஐந்து பொட்டலம்.
நாலில் பெயர் எழுதியிருந்தது.

மெரினோவுக்கு அவசரம்.
விட்டுக்கொடுத்தால் அறுகிறது,
பிடித்துவைத்தால் முறுக்கிக்கொள்கிறது.
(இந்த வரியில் டார்மோவை யாரும் தேட வேண்டாம்.
அவன் இப்போது பின்லாந்தில், நலமாக.)

அல்பாக்கா
மூன்று தும்மல், அரை முழம் நூல்,
அதிலும் பாதி சந்தேகம்.

ஆளிக்கு விரல் நனைந்திருக்க வேண்டும்.
கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு இழுத்தால்
அறை முழுக்க ஊறிய குளத்து வாசம்.
நூலும் வந்தது, சணல்போல.
ஒரு தக்காளிச் செடியைக் கட்டிவைக்கலாம்.
என்னிடம் தக்காளிச் செடி இல்லை.

பிறகு பட்டு.
உள்ளங்கையின் ஒவ்வொரு வெடிப்பையும்
ஒன்று விடாமல் எண்ணிச் சொன்னது பட்டு.
கிரீஸும் குளிரும் கிழித்த இடங்களில் எல்லாம்
மெல்லிய வெள்ளைக் கொடி பறந்தது.
சரணடைந்தது யார் என்று தெரியவில்லை.

டங். டங். டங்.
ஆறாவது மாடி ரைஸா
வெப்பக் குழாயைத் தட்டுகிறாள்.
மிதிப்பலகை கீச்சிடுகிறதாம்.
தண்டவாளத்துக்குப் போடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன்.
ராட்டை வாயை மூடிக்கொண்டது.

ஐந்தாவது பொட்டலத்தில் பெயர் இல்லை.
சாம்பல் வெள்ளை. மணமும் இல்லை.
மிதித்தேன்.
நீண்டது.
கால் இருப்பதை மறந்தேன்,
கை இருப்பதையும்.
சக்கரத்தின் ஆரங்கள் ஒரே புகையாக,
கட்டைவிரல் வெறுமனே ஓரமாய் நின்று பார்க்க,
கதிரில் ஏறிக்கொண்டே இருந்தது நூல்,
ஒரு தடிப்பு இல்லாமல், ஒரு இளைப்பு இல்லாமல்.
புரி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.
புரிந்துவிட்டது என்றுகூட.

பெயர் தெரிந்தால் இன்னும் ஒரு கிலோ வாங்கலாம்.
துணுக்கு ஒன்றைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினேன்.
முடி கருகும் நாற்றம் என்றால் ஏதோ ஆடு,
காகித நாற்றம் என்றால் ஏதோ செடி.

உருகியது.
கறுத்த மணியாய் இறுகியது.
அந்த நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும்:
வெந்துபோன கதவு மோட்டார்.

பிளாஸ்டிக்.
யாரோ குடித்து எறிந்த தண்ணீர்ப் பாட்டில்.
என் விரல் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய
அந்த ஒரே ஒருத்தி.

தனியாகச் சிரித்தேன். மீண்டும் குழாய்: டங்.

மறுபடி மெரினோவை எடுத்தேன்.
அறுந்தது. ஒட்டினேன்.
அறுந்தது.

காலையில் எங்கள் கட்டட லிஃப்டே நின்றுபோனது,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்.
கூண்டின் கூரைமேல் ஏறி, கையுறை கழற்றி,
வடத்தை மேலிருந்து கீழே தடவினேன்.
வலப்புரி. நான் நூற்பதும் அதே பக்கம்தான்,
இத்தனை நாள் கவனிக்கவில்லை.

என் சட்டைக் கையிலிருந்து போயிருக்க வேண்டும்:
கிரீஸில் ஒட்டியிருந்தது ஒரு மெரினோ இழை.
இரண்டு புரிகளுக்கு நடுவில்,
சுருண்டு, பிடிவாதமாக.

"ஆச்சா?" உள்ளேயிருந்து ரைஸா.

"ஆச்சு."

பதிவேட்டில் கோளாறு: கதவுப் பூட்டு, சரிசெய்யப்பட்டது.
இழையைப் பற்றி எழுதவில்லை.
எடுக்கவும் இல்லை.
ஒன்பது மாடி, ஏறி இறங்கட்டும்.