அரைக் கட்டுக்கு அரைப் பீடி குறைச்சல்

முக்கூடலில் பீடிக்கடை மாடியில்
திங்கள் புதன் வெள்ளி
சாயங்காலம் நாலரைக்கு
பதினோரு பேர் உட்கார்ந்து எழும்புகிறோம்.
உட்காருவதை எங்களுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருபத்திரண்டு வருசமாய் மடியில் சுளவு.
இலையை வெட்டு, தூளை வை,
உருட்டு, மடக்கு, நூலைச் சுற்று.
விரலுக்கு மட்டும் ஓயாத ஓட்டம்.
இடுப்புக்குக் கீழே
யாரோ இறக்கிவைத்துவிட்டு
எடுக்க மறந்துபோன மூட்டை.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
தொண்ணூற்றாறு என்று எழுதி
அடியில் ரெண்டு கோடு போட்டார் டாக்டர்.
"தினம் ஒரு மணி நேரம் நடங்கம்மா."
அந்த ஒரு மணி நேரத்துப் பீடியை
அவரா சுற்றித் தருவார்?

பிறகு ஜெனோவா வந்தாள்,
சுகாதார நிலையத்துப் பிசியோ.
உவரிக்காரி, குட்டையான பிள்ளை.
எடைமிஷின் கொண்டுவரவில்லை.
காலி கலர் பாட்டில்களில்
ஆற்று மணலை நிரப்பச் சொன்னாள்.
"இதத் தூக்கணும்க்கா."
"எதுக்கு?"
"தூக்குறதுக்குத்தான்."

முதல் நாள் உலகு மைனி
நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு
கதவைச் சாத்தச் சொன்னாள்,
சன்னலைச் சாத்தச் சொன்னாள்,
பிறகு மூச்சு முட்டுகிறதென்று
ரெண்டையும் அவளே திறந்துவிட்டாள்.
சுவரில் கையூன்றித் தள்ளினோம்.
"சவம், அசையவே மாட்டங்கு."
"சுவரு போகாதுக்கா.
நீங்கதான் போய்ட்டு வரணும்."

மறுநாள் கக்கூசில் உட்கார்ந்தவள்
எழும்ப முடியாமல்
வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.
வெளியே நின்று
"என்னட்டி, தண்ணி வரலியா" என்றார் அவர்.
ஆமாம் என்றேன்.

பன்னிரண்டு தடவை என்பாள் ஜெனோவா.
எங்கள் எண்ணிக்கை
இருபத்தைந்தில்தான் போய் நிற்கும்.
பன்னிரண்டென்றால்
அரைக் கட்டுக்கு அரைப் பீடி குறைச்சல்.
அந்த அரையையும் பிரமு
விடாமல் தூக்கிவிடுவாள்,
கழிவுக்குப் போக ஒன்று இருக்கட்டும் என்று.

சிவப்பு ரப்பர் பட்டை
ஆறாவது வாரம் பச்சை ஆனது.
இழுத்தால் அதுவும் இழுக்கிறது.
வீட்டிலும் இதே கதைதான்;
ஆனால் பட்டை
நான் விட்டால் விட்டுவிடுகிறது.

பத்தாவது வாரம் தொண்ணூற்றைந்தே கால்.
"மெலியவே இல்லியேட்டி" என்றாள் அடுத்த வீட்டுக்காரி,
சந்தோசமாக.
"மணல்தான் தூக்கணும்னா லாரிக்குப் போ,
கூலியாவது தருவான்" என்றார் இவர்.
சொல்லிவிட்டு,
கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து
அடுப்படிக்கு யார் கொண்டுவந்ததென்று
கேட்காமல் காப்பி குடித்தார்.

போன வியாழக்கிழமை
செக்கர் எண்பது பீடியைக் கழித்துப் போட்டார்.
எப்போதும் என்ன செய்வேன்?
கையைத் தரையில் ஊன்றி,
ஒரு முட்டியில் திரும்பி,
பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து
நான் எழும்பி முடிப்பதற்குள்
அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டிருப்பார்.
எத்தனை ஆயிரம் வார்த்தை
அந்தத் தரையிலேயே கிடக்கிறதோ.

அன்றைக்கு
ரெண்டு கையிலும் சுளவு இருக்க
காலை மட்டும் நம்பி எழுந்தேன்.
தொடை நடுங்கியது.
ஒரு பீடி உருளவில்லை.
நாற்காலியில் இருந்தவரின் உச்சி
வழுக்கையென்று அப்போதுதான் தெரிந்தது.

"திரும்ப எண்ணும்" என்றேன்.

எண்ணினார்.
எண்பது எண்பதாகத்தான் இருந்தது.
பரவாயில்லை,
எண்ணி முடிக்கும்வரை
நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.