மூன்று புள்ளிகள்

மோல்மேனில், சால்வினைப் பார்த்த மாடியில்
ஐந்து பேருக்கும் ஒரே பிரதி.
நாள்காட்டித் தாளில் அட்டை போட்டு
ஆளுக்கு நான்கு நாள்.
ஒரு நாள் பிந்தினால்
அடுத்தவருக்கு ஒரு கிண்ணம் மோஹிங்கா.

கதையில் வருணனையே கிடையாது.
மேகம் இல்லை, மரம் இல்லை,
'என்றாள்' 'என்றான்' கூட இல்லை.
முழுக்கப் பேச்சு.
ஆற்றுக்கடியில் குடியிருக்கும் ஒருவன்
இரவில் படகுத்துறைக்கு ஏறி வந்து
டிக்கெட் கிழிப்பவளோடு பேசுகிறான்.
விடியுமுன் இறங்கியாக வேண்டும்.
'போயிட்டு வா' என்று சொன்னால்
மறுநாளும் வருவான்.
வெறும் 'போ' என்றால்
அவ்வளவுதான்.

"தண்ணிக்குள்ள இருக்கிறவன் வெத்தலை போடுறானாம்,
சுண்ணாம்பு கரையாதா?" என்றார்
அரிசி மண்டி மீரான் கனி.
நாற்பதாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் ஒரு மீனை வரைந்து
அதன் வாயைச் சிவப்பாக்கி வைத்ததும்
அவரேதான்.

ரோஸலின் டீச்சருக்கு மாயம் உறுத்தவில்லை.
எழுவாய் இல்லாததுதான் உறுத்தியது.
"யார் பேசுறான்னு தெரியாம
எப்படிம்மா அழுறது?"
ஆனாலும் அழுதிருக்கிறார்.
எழுபத்திரண்டாம் பக்கம் மட்டும்
அப்பளம்போல் உப்பியிருந்தது.

வீட்டில் தைலம்மை, பள்ளிப் பதிவேட்டில் மா தின் தின்.
தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.
ஏழு நாள் எடுத்து
மூன்று கிண்ணம் கட்டிவிட்டுச் சொன்னாள்:
"என் கடைக்கு வர்ற பர்மாக்காரங்க
'துவாமே', போறேன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க.
சாயங்காலம் திரும்பித்தான் வர்றாங்க.
உங்க கதைக்குத்தான் இத்தனை பயம்."

கடைசிப் பக்கத்தில் ஒரே சொல்.
"போ."

யார் சொன்னது?
காத்திருந்து காத்திருந்து அலுத்த அவளா?
இல்லை, ஒவ்வொரு இரவும் ஒரு படி கீழே
இறங்கி வந்து உட்காரும் அவளைக்
கரைக்குத் துரத்திய அவனா?

நான் எண்ணத் தொடங்கினேன்.
ஒற்றைப்படை அவள், இரட்டைப்படை அவன்.
நூற்றுப் பதினேழு வரை தடங்கலில்லை.
அங்கே, மேற்கோள் குறிக்குள்
ஒரு வரி முழுக்க மூன்று புள்ளிகள்.
அதையும் ஒரு முறை என்று எண்ணினால்
'போ' என்றது அவள்.
விட்டுவிட்டால் அவன்.

அன்றைக்குச் சண்டையே வந்துவிட்டது.
மீரான் கனி அவள் பக்கம்,
டீச்சர் அவன் பக்கம்,
லப்பே தட்டு பாதியில் நின்றது.
முடிவை முதலில் படிக்கும் வழக்கமுள்ள
படகு மெக்கானிக் பரஞ்சோதி
விரல் கிரீஸைத் துடைத்தபடி சொன்னார்:
"அந்த வரி ரெண்டு பேரும் பேசலீங்க.
ஆறு பேசுச்சு.
அதுக்கும் ஒரு முறை வேணாமா?"
யாரும் சிரிக்கவில்லை.
கீழே ஜெனரேட்டர் நின்றது.
இருட்டில் துறைப்பக்கம் ஏதோ
தண்ணீரை விட்டு ஏறுவதுபோல் சத்தம்.
நாய் என்றார் டீச்சர்.
நாய்தான்.

படியிறங்கும்போது வழக்கம்போல்
ஒவ்வொருவராய்ப் 'போயிட்டு வர்றேன்'.
தைலம்மை மட்டும் கடைசிப் படியில் திரும்பி,
வேண்டுமென்றே, "துவாமே!"

முறைப்படி புத்தகம் மீண்டும் என்னிடம்.
ஓரத்தில் நான் எதுவும் எழுதவில்லை.
பினாங்கிலிருந்து கடைசியாக வந்த போனில்
வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஹலோ என்னுடையது.
அரிசி விலை அவருடையது.
நடுவில் ஒரு இரைச்சல், பத்து நொடி இருக்கும்,
அது யார் முறை?

இன்றோடு பதினோரு நாள்.
ஏழு கிண்ணம் கடன்.