மீதி, சீட்டின் பின்னால்

இருபத்தாறு வருஷம்
ஓடுகிற வண்டிக்குள் நடந்தவன் நான்.
இன்றைக்கு
நிற்கிற அறைக்குள்
ஓடுகிற பட்டையில் நடக்கிறேன்.

மார்பெல்லாம் ஒட்டு, ஒட்டுக்கு ஒரு வயர்.
மழித்த முடி ஏழு வாரத்தில்
அறுத்த வயலின் தாளாய்க் குத்துகிறது.
“சொறியாதீங்கண்ணா, கோடு ஆடும்”
என்கிறாள் பிளாரன்ஸ்.
ஆடினால்தானேம்மா கோடு
என்று சொல்ல நினைத்தேன்.
மூச்சு செலவாகும்.

காலையில் எக்கோ. விலாவில் சில்லென்று பசை.
திரையில் என் வால்வு
திறந்து மூடியது, திறந்து மூடியது.
படியில் யாரும் தொங்கவில்லை.

மூன்று நிமிடத்துக்கு ஒருதரம்
வேகம் கூடும், மேடு ஏறும் என்றிருந்தார்கள்.
ஜன்னல் இல்லாத அறை.
நானே ஊர் போட்டுக்கொண்டேன்:
கொணவட்டம்.
பொய்கை. இன்று செவ்வாய், மாட்டுச்சந்தை,
கன்றுக்குட்டியை மட்டும் ஏத்திக்கப்பா என்று
கயிறோடு ஒருத்தர் கெஞ்சுவார்.
செதுவாலை தாண்டும்போது
தொடையிலிருந்து கணுக்கால் வரை
தையல் இழுத்தது.

அந்தக் காலிலிருந்துதான் நரம்பை உருவி
நெஞ்சில் மாற்றுவழி போட்டார்கள்.
“பாலாத்துல பைப்பு போட்டு
எந்த ஊருக்கோ தண்ணி கொண்டுபோறான் பாரு,
அப்படி” என்றாள் பூங்காவனம்,
வறண்ட காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே.

தபன் பாபுவுக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு வங்காளம் என்றால்
லாட்ஜ் போர்டில் தொங்கும் எழுத்து, அவ்வளவுதான்.
அடுத்தடுத்த கட்டில்.
இருமல் வந்தால் தலையணையை
மார்போடு இறுக்க வேண்டும்.
ஒரே நாளில் பிள்ளை பெற்ற இரண்டு பேர் போல
ஆளுக்கொன்றை அணைத்துக் கிடந்தோம்.
குழாயை உறிஞ்சி
மூன்று பந்தையும் தூக்க வேண்டும்.
அவர் இரண்டு தூக்குவார். நான் ஒன்றரை.
என் மூன்றாம் பந்து எழும்பிய அன்று
வார்டே திரும்பும்படி ஏதோ கத்தினார்.
புரிந்தது.

போன வாரம் இதே பட்டையில்
நாலாம் நிமிடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள்.
மறுபடி மை செலுத்திப் படம் எடுக்கணுமாம்.

பள்ளிகொண்டா மேடு.
“நிறுத்தட்டுமாண்ணா?”
வாய் திறந்தது, சொல் வரவில்லை.
ஒரு விசில் என்றால் நில்.
இரண்டென்றால் போ.
அறுத்த அன்று இந்த நெஞ்சு
இரண்டரை மணி நேரம் ஒற்றை விசிலில் நின்றது.
மிஷின் ஓட்டியது என்னை.
மறுபடி இரண்டு ஊதியது யாரென்று
கேட்க விட்டுப்போயிற்று.
இப்போது நாக்கை மடித்து
நானே ஊதினேன், காற்றாய், சன்னமாய், இரண்டு.
பிளாரன்ஸ் சிரித்துவிட்டாள்.
திரையைப் பார்த்தபடியே சிரித்தாள்.

ஒன்பது நிமிடம், நாற்பது நொடி.
குடியாத்தம் வரவில்லை.

டாக்டர் தாளைத் திருப்பிப்
பின்பக்கம் பேனாவால் எழுதினார்:
ஆறு மாதம் கழித்து வரவும்.

சிரிப்பு வந்தது. நெஞ்சுக் கம்பி இழுத்தது.
எத்தனை ஆயிரம் சீட்டின் முதுகில்
மூன்று ரூபாய், ஏழு ரூபாய் என்று கிறுக்கி
இறங்கும்போது வாங்கிக்கோங்க என்றிருப்பேன்.
ஒருத்தராவது நம்பியிருப்பாரா?
நிறுத்தத்துக்கு நிறுத்தம்
என் பையையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.
சிலருக்குக் கொடுக்க மறந்தும் இருக்கிறேன்.
மறந்தவன் மாதிரியும் இருந்திருக்கிறேன்.

வெளியே ஆற்காடு ரோட்டில்
தார் இளகுகிற வெயில்.
பூங்காவனம் தாளை வாங்கி
முன்பக்கம் மட்டும் பார்த்தாள்.
“என்ன போட்டிருக்கு?”

லாட்ஜுக்குப் போய்விட்டுப் போகலாம் என்றேன்.
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஒன்றும் சொல்லாமல்
தலையணையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு
முன்னால் ஏறினாள்,
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று.