வில்லங்கம் ஏதுமில்லை

சூரமங்கலம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் மோர்க்கடைக்கும் நடுவில்
ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான்.
பதினோரு வருஷமாகப் பிறத்தியார் வீடுகளை
டைப் அடிக்கிறேன்.

செவ்வாய் மதியம்
ராகுகாலம் பிறக்குமுன் முடித்துவிடு என்று
வரதப்பன் ஒரு கட்டை வைத்துப் போனார்.
பழைய பத்திரத்தின் நகல், ஆதார் இரண்டு,
பென்சிலில் எழுதிய விலை.

கிரயம் கொடுப்பவர் பெயரை அடிக்கும்போது
ஒன்றும் தோன்றவில்லை.
சேலத்தில் அர்த்தநாரிகளுக்கா பஞ்சம்.

செக்குபந்தியில்தான் விரல் தடுக்கியது.
கிழக்கில் ரயில்வே கலாசி மாணிக்கசாமி வீடு.
மேற்கில் பத்தடிச் சந்து.
தெற்கில் பொதுக்கிணறு
(மூடி வெகுகாலம். மேலே இப்போது டிரான்ஸ்பார்மர்).
வடக்கில் லூர்துநாதன் வகையறா காலிமனை.
இதற்கு மத்தியில்
எழுநூற்று இருபது சதுரடி,
அதில் கட்டியுள்ள மெத்தை வீடு,
கதவு நிலவு, மின் இணைப்பு,
நீர்வழி நடைவழி மாமூல் பாத்தியம் சகிதம்.

கேஸை அணைத்துவிட்டு வந்தேனா என்று
காலையிலிருந்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததும்
அந்த வீட்டை நினைத்துத்தான்.

மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை,
சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது.
இந்த வரியை ஒரு பொத்தானில் சேமித்து வைத்திருக்கிறேன்.
ஒரு தட்டு, வந்து நிற்கும்.
உள்ளே யாராவது சோறு வடித்துக்கொண்டிருப்பார்களோ என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று வில்லங்கம் நான்.
வில்லங்கத்துக்கு வயது நாற்பத்தொன்று.
வில்லங்கம் சொந்தக் காசில் மாற்றியவை
குளியலறைக் குழாய் ஒன்று, மோட்டார் கண்டன்சர் இரண்டு.
வில்லங்கத்தின் மகன் மொட்டைமாடியில் படிப்பான்.
ராத்திரி ஏற்காடு ஏறுகிற பஸ்ஸின் வெளிச்சத்தைப் பார்த்து
எத்தனாவது வளைவு என்று சொல்வான்.
வடக்கெல்லையில் மலை என்று
எந்தப் பத்திரமும் எழுதாது.

அர்த்தநாரி அண்ணன் கெட்டவரில்லை.
"நமக்குள்ள எதுக்கு ஜெசிந்தா பதிவெல்லாம்,
வெள்ளைத்தாள்ல எழுதிக்கிட்டா போதாதா"
என்று போன வருஷம் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. என் பிழைப்பே இது.
மூன்று வருஷம் என்று அடித்தவள் நான்,
கட்டணம் கட்டிப் பதிந்தவளும் நான்.
இன்னும் பத்தொன்பது மாதம் பாக்கி இருக்கிறது
பீரோவில், ஞானஸ்நானச் சீட்டுக்கு அடியில்.

வீட்டோடு சேர்த்து
வாடகைக்காரரையும்தான் வாங்குகிறார் புது ஆள்,
ஒப்பந்தம் முடிகிறவரை.
இதை எத்தனையோ பேருக்கு
பிரிண்ட் வருகிற இடைவெளியில் சொல்லியிருக்கிறேன்.
"அப்படியாக்கா" என்பார்கள்.
மறுவாரம் டாட்டா ஏசில்
கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போவார்கள்.
அட்வான்சுக்கு இவர் அவரைக் கேள் என்பார்,
அவர் இவரைக் கேள் என்பார்,
நடுவில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

பொத்தானைத் தட்டவில்லை.
எழுத்தெழுத்தாக அடித்தேன்:
மேற்படி வீட்டில் பதிவு பெற்ற ஒப்பந்தப்படி
வாடகைக்குக் குடியிருந்து வரும் ஜெசிந்தா என்பவர்
கெடு முடியும்வரை இருந்துகொள்ள வேண்டியது.
அவர் கொடுத்துள்ள முன்பணம் ரூ.60,000
கிரயத்தொகையில் கழித்துக்கொள்ளப்பட்டபடியால்
இனி கிரயம் பெறுபவரே அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர்.

தட்டச்சு செய்தவர் என்று கடைசிப் பக்கத்திலும்
அதே பெயர் வரும்.
வரட்டும்.

வரதப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.
இரண்டு தரம் படித்தார்.
சாட்சிக்கு வந்தவர்கள் வாசலில்
தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தார்கள்.
பார்ட்டி ஒத்துக்குமா என்று அவர் கேட்பார்,
பதிலைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.
"அறுபதாயிரத்த எழுத்தாலயும் போடும்மா"
என்றார், தாளைப் பார்த்தபடியே.

போட்டேன்.

மணி இரண்டே முக்கால்.
ரோட்டு முனையில் சைலன்சர் உடைந்த டிவிஎஸ்.
யார் வண்டி என்று
திரும்பிப் பார்க்காமலே தெரியும் எனக்கு,
மாசம் ஐந்தாம் தேதி
வாசலில் வந்து நிற்கிற சத்தம்.